காட்டுவாத்துகளின் ஓவியர்: பீட்டர் ஸ்காட் வாழ்ந்த இடங்களைத் தேடி

திங்கள், லண்டன்

வாட்டர்லூ பிளேஸில் கேப்டன் ராபர்ட் ஸ்காட்டுக்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. தென் துருவத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில், 1912 மார்ச் மாதக் கடைசியில், கூடாரத்துக்குள்ளேயே உறைந்து இறந்துபோனவர். அந்தச் சிலையை வடித்தது அவருடைய மனைவி கேத்லீன்தான். சிற்பி. 1915இல் திறந்திருக்கிறார்கள். கணவனின் முகத்தைக் களிமண்ணில் திரும்பத் திரும்பப் பிசைந்து உருவாக்குவது எப்பேர்ப்பட்ட வேலையாக இருந்திருக்கும் என்று சிலைக்குக் கீழே நின்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் வந்தது இவருக்காக இல்லை, இவர் மகனுக்காக. பீட்டர் ஸ்காட். 1909 செப்டம்பர் 14இல் பிறந்தவர். அப்பா கப்பலேறியபோது கைக்குழந்தை. அப்பா இறந்தபோது இரண்டரை வயது. கூடாரத்தில் சாவை எதிர்பார்த்துக் கிடந்த அப்பா, மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மகனைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தார். முடிந்தால் பையனுக்கு இயற்கையின் மேல் ஆர்வம் வரச் செய், விளையாட்டுகளைவிட அது நல்லது என்று.

அந்தப் பையன் ஓவியர் ஆனார், போரில் கடற்படை அதிகாரி ஆனார், பறவைகளுக்காக ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார். உலகம் முழுக்கத் தெரிந்த, உலக வனவிலங்கு நிதியத்தின் அந்தப் பாண்டா சின்னமும் அவர் கை வரைந்ததுதான். 1973இல் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். இயற்கைப் பாதுகாப்புக்காக அந்தப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர். 1989 ஆகஸ்ட் 29இல், எண்பது வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது காலமானார். பாண்டாவைத் தெரிந்த அளவுக்கு அதை வரைந்தவரை நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தக் குறை எனக்கு வெகுநாளாக உண்டு. அதனால்தான் இந்தப் பயணம், இந்தத் தினசரிப் பதிவு.

கூடவே சித்தப்பா வருகிறார். கடற்படையில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஓவியரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஆனா கப்பல்ல இருந்த ஆளுன்னு சொல்ற இல்ல, அதுக்காக வரேன்" என்றார்.

மதியம் பார்ன்ஸ் போனோம். லண்டனுக்கு உள்ளேயே, தேம்ஸ் நதி வளையும் இடத்தில் ஒரு பெரிய ஈரநிலப் பூங்கா. பயன்பாட்டில் இல்லாத நான்கு பழைய குடிநீர்த் தேக்கங்களின் கான்கிரீட்டை உடைத்து, குளமும் நாணல் காடும் சேற்றுத் திட்டுமாக மாற்றி 2000இல் திறந்தார்கள். ஸ்காட்டின் அறக்கட்டளை செய்த வேலை. இப்படி ஒன்று தலைநகரிலேயே வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அதைப் பார்க்க இல்லை. நுழைவாயில் பக்கம் சிலையாக இருக்கிறார், இரண்டு அன்னங்களோடு. அப்பாவின் சிலையையும் மகனின் சிலையையும் ஒரே நாளில் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. அப்பா பறவையே இல்லாத ஒரு பனிவெளியைத் தேடிப் போனவர். மகன் நின்ற இடமெல்லாம் பறவை.

செவ்வாய், கேம்பிரிட்ஜ்

இன்று பாதி நாள்தான் இங்கே. ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். அந்தக் கடைசிக் கடிதம் இந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது. கடிதத்தின் தொடக்கமே "என் விதவைக்கு" என்றுதான் இருக்கிறது. சித்தப்பா இதைக் கேட்டதும் வாயைத் திறக்கவில்லை. ரயில் நிலையம் வரும்வரை பேசவே இல்லை.

பீட்டர் இங்கே டிரினிட்டி கல்லூரியில் படித்தார். இயற்கை அறிவியலில் சேர்ந்து, கலை வரலாற்றில் பட்டம் வாங்கி வெளியே வந்தார். பாடம் நடந்த நேரத்தைவிட, கேம்பிரிட்ஜுக்கு வடக்கே பரந்து கிடக்கும் ஃபென் சதுப்பில் துப்பாக்கியோடு படுத்துக் கிடந்த நேரம்தான் அதிகம். ஆமாம், துப்பாக்கி. இதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

பிறகு மியூனிக்கில் கொஞ்சம், லண்டன் ராயல் அகாடமி பள்ளியில் கொஞ்சம் என ஓவியம் கற்றார். 1933இல் லண்டனில் முதல் கண்காட்சி. அதிலிருந்து கடைசிவரை தூரிகை சோறு போட்டது.

புதன், சட்டன் பிரிட்ஜ்

கிங்ஸ் லின் ஊரில் தங்கி, காலையில் பஸ் பிடித்து சட்டன் பிரிட்ஜ் வந்தோம். நீன் ஆற்றின் மேல் பழைய சுழல் பாலம் ஒன்று; பெரிய சரக்குக் கப்பல் வந்தால் பாலமே திரும்பி வழிவிடும். அங்கிருந்து ஆற்றங்கரையோடு வடக்கே நடந்தால், ஆற்றின் இரு கரையிலும் ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு சிறிய வெள்ளைக் கோபுரங்கள். சுமார் 1830இல் ஆற்றின் புது முகத்துவாரத்தை வெட்டித் திறந்தபோது கட்டியவை. கிழக்குக் கரையில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. 1933இலிருந்து போர் தொடங்கும்வரை பீட்டர் ஸ்காட் வாடகைக்கு இருந்த வீடு அது. இப்போது தனியார் சொத்து. கரையில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

கலங்கரை விளக்கம் என்றால் பாறைமேல் உயரமாக நிற்கும் என்று சித்தப்பா எதிர்பார்த்திருந்தார். இது குட்டையானது, அடியில் பருத்து மேலே குறுகுகிறது. அவர் இருந்த காலத்தில் உப்புச் சதுப்பு இதன் அடிவரை வந்திருந்தது. அதன்பின் அணை கட்டிக் கடலைத் தள்ளி நிலமாக்கிவிட்டார்கள். இன்று அதே இடத்தில் உழுத வயல், கரிய மண், அதன் நடுவே நேர்க்கோடாக வாய்க்கால்கள். சதுப்பைப் பார்க்க வேண்டுமென்றால் கடலணை மேல் ஏறி இன்னும் போக வேண்டும்.

ஏறினோம். இங்கிருந்து வெஸ்ட் லின் வரை, சுமார் 16 கிலோமீட்டர், கடலணை மேலேயே ஒரு நடைபாதை. அதற்குப் பெயரே பீட்டர் ஸ்காட் பாதை. இடது கைப்பக்கம் வாஷ் வளைகுடா, வலது கைப்பக்கம் வயல். ஜனவரி மாதக் காற்று நேராகக் கடலிலிருந்து வருகிறது. மறைவுக்கு ஒரு மரம் கிடையாது. தூரத்தில் கடலுக்குள் வட்டமாக ஒரு மண் திட்டு தெரிந்தது. வாஷுக்குள்ளேயே நன்னீர்த் தேக்கம் கட்ட முடியுமா என்று 1970களில் சோதித்துப் பார்த்துக் கைவிட்ட திட்டத்தின் மிச்சம் அது. இப்போது பறவைகள் கூடு கட்டுகின்றன.

காட்டுவாத்துகள் வந்தன. முதலில் சத்தம்தான் வந்தது, இரண்டு ஸ்தாயியில், ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்வது மாதிரி. அப்புறம் வயல் பக்கத்திலிருந்து நீண்ட வரிசைகள் எழும்பின. இளஞ்சிவப்புக் கால் வாத்துகள். ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் கோடையைக் கழித்துவிட்டு இங்கே குளிர்காலத்துக்கு வருபவை. பகலில் சர்க்கரை பீட் (சர்க்கரை எடுக்கும் ஒரு வகைப் பீட்ரூட்) அறுவடையான வயல்களில் மிஞ்சிய இலையையும் துண்டையும் தின்றுவிட்டு, இருட்டும் நேரம் வாஷின் சேற்றுத் திட்டுக்குத் தூங்கப் போகும். வரிசை உடைந்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னி, மறுபடி சேர்ந்தது. தலைக்கு மேலே போனபோது சிறகு காற்றை அறுக்கும் ஓசை தனியாகக் கேட்டது. பீட்டர் ஸ்காட்டின் ஓவியங்களில் நூற்றுக்கணக்கானவை இந்த ஒரே காட்சிதான்: கீழே ஒரு விரல் அகலத்துக்குச் சேறு, மேலே முழுக்க வானம், அதில் வாத்து வரிசை. ஒரே மாதிரி வரைகிறார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. இந்த அணை மேல் ஒரு சாயங்காலம் நின்றவர்களுக்கு அந்தக் குறை வராது. அரை மணி நேரத்தில் வானம் எத்தனை தரம் மாறியது என்று எண்ணி முடியவில்லை.

இப்போது துப்பாக்கி விஷயம். இளமையில் அவர் வெறிபிடித்த வேட்டைக்காரர். தட்டையான சிறு படகில் குப்புறப் படுத்து, படகோடு சேர்த்துப் பொருத்திய பெரிய துப்பாக்கியால் ஒரே வெடியில் பல வாத்துகளை வீழ்த்தும் முறை ஒன்று இங்கே இருந்தது. அதையும் செய்திருக்கிறார். விடியும் முன் எழுந்து, சேற்றில் தவழ்ந்து, பறவை எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் எழும்பும் என்று மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தார். பறவையை அவர் அறிந்துகொண்ட பள்ளிக்கூடம் வேட்டைதான். இதை மறைக்கிற நினைவுக் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. அவரே தன் வாழ்க்கையில் மறைக்கவில்லை.

ஒரு நாள் சுடப்பட்ட வாத்து ஒன்று கால்கள் உடைந்து, யாரும் நடந்து போக முடியாத இளகிய சேற்றில் போய் விழுந்தது. எடுக்கவும் முடியவில்லை, கொன்று முடிக்கவும் முடியவில்லை. மறுநாள் வந்து பார்த்தபோதும் அது உயிரோடு அங்கேயே கிடந்தது. நம் பொழுதுபோக்குக்காக ஒரு உயிரை இப்படிச் செய்ய நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வி அப்போது அவருக்குள் விழுந்தது. உடனே நிறுத்திவிடவில்லை. வருஷக்கணக்கில் அந்தக் கேள்வி உள்ளே அறுத்துக்கொண்டே இருந்து, போருக்குப் பிறகுதான் துப்பாக்கியை முழுவதுமாக விட்டார். ஒரே இரவில் திருந்தினார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். எனக்கு இந்த மெதுவான மாற்றத்தில்தான் நம்பிக்கை.

வெஸ்ட் லின் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிட்டது. கால் இரண்டும் கெஞ்சுகின்றன. மீதி நாளை.

வியாழன், ரயிலில்

நாட்டின் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு ஓரத்துக்கு இன்று பயணம். லண்டன் வந்து, பாடிங்டனில் ஏறி, குளோஸ்டர் போகிறோம். வண்டியில் உட்கார்ந்தபடி கடற்படைக் காலத்தை எழுதிவிடுகிறேன். பக்கத்தில் ஆள் இருக்கிறார், சந்தேகம் கேட்க.

போருக்கு முன்பே அவருக்குத் தண்ணீர் பழக்கம். 1936 ஒலிம்பிக்கில் தனியாள் பாய்மரப் படகுப் போட்டியில் வெண்கலம் வாங்கியவர். போட்டி நடந்தது ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில். மூன்றே வருஷத்தில் அதே நாட்டோடு போர். கடற்படையின் தன்னார்வப் படைப்பிரிவில் சேர்ந்து, புரோக் என்ற டிஸ்ட்ராயர் கப்பலில் வட அட்லாண்டிக்குக்குப் போனார். வணிகக் கப்பல் கூட்டங்களுக்குக் காவல் போகும் வேலை.

1941 ஏப்ரலில் அந்தக் கடலில் கோமரின் என்ற கப்பல் தீப்பிடித்தது. முன்பு கீழ்த்திசைக்கு ஆள் ஏற்றிப் போன பயணிகள் கப்பல். பெயர் நம் கன்னியாகுமரி முனையின் ஆங்கிலப் பெயர். போரில் ஆயுதம் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். கடல் மலை மலையாக எழும்பிக்கொண்டிருந்தது. புரோக் கப்பலை எரியும் கப்பலின் பக்கவாட்டில் கொண்டுபோய் ஒட்டி நிறுத்தினார்கள். இரண்டு தளமும் ஒரு நிமிஷம் சமமாக வரும், அடுத்த நிமிஷம் ஒன்று பல அடி கீழே போய்விடும். சரியான கணம் பார்த்து அங்கிருந்து ஆட்கள் இங்கே குதித்தார்கள். குதிப்பவர்களுக்கு அடிபடாமல் இருக்க மாலுமிகளின் தூங்கும் தொட்டில் துணிகளைத் தளத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். புரோக் மட்டும் சுமார் 180 பேரைக் காப்பாற்றியது. அந்தக் கப்பலில் முதல் லெப்டினன்ட், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, பீட்டர் ஸ்காட்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "அலையில ரெண்டு கப்பலை ஒட்டி நிறுத்தறதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? இரும்போட இரும்பு இடிக்கும். உடம்பெல்லாம் அந்தச் சத்தம் ஏறும். கேப்டனுக்கு அபார தைரியம் வேணும். கீழ எஞ்சின் ரூம்ல நிக்கறவனுக்கு அதைவிட" என்றார்.

ஓவியர் அங்கே ஓவியராகவும் இருந்தார். கப்பல்களுக்கு அதுவரை அடர் சாம்பல் பூசுவது வழக்கம். ஸ்காட் தன் கப்பலுக்கு வெள்ளை, வெளிர் நீலம், வெளிர் பச்சை பூசச் சொன்னார்.

"ராத்திரியில வெள்ளை பளிச்சுன்னு தெரியாதா?" என்று சித்தப்பா குறுக்கே கேட்டார்.

எல்லாரும் கேட்கும் கேள்விதான். வட அட்லாண்டிக்கில் இரவு முழுக் கறுப்பு இல்லை. மேகத்துக்குப் பின்னாலிருந்து எப்போதும் ஒரு மங்கல் வெளிச்சம் கசியும். அடிவானத்தில் நிற்கும் கப்பல் அந்த மங்கலான வானத்துக்கு முன்னால் கறுத்த நிழலாகத்தான் தெரியும். நீர்மூழ்கிக்காரன் தேடுவது அந்த நிழலை. கப்பலை வெளிறச் செய்தால் நிழல் வானத்தோடு கரைந்துவிடும். அவருக்கு இது எங்கிருந்து தெரியும் என்றால், நேற்றுப் பார்த்த சேற்றிலிருந்து. வாத்து வேட்டைப் படகுக்குக் கறுப்பு பூச மாட்டார்கள், வெளிர் சாம்பல்தான் பூசுவார்கள். விடியற்கால வானத்துக்கும் நீருக்கும் நடுவே அதுதான் கண்ணில் படாது. ஏமாற்ற வேண்டிய கண் அங்கே வாத்தினுடையது, இங்கே மனிதனுடையது. கடற்படை அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, அட்லாண்டிக்கில் காவல் போகும் மற்றக் கப்பல்களுக்கும் அந்த வண்ணங்களைப் பூசியது.

சித்தப்பா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "சரிதான். ராத்திரி வாட்ச்ல நாங்க கப்பலைக் கண்டுபிடிக்கிறது கறுப்பா ஒரு கட்டி தெரியறதை வெச்சுதான்" என்றார்.

அதன்பின் ஆங்கிலக் கால்வாயில் நீராவித் துப்பாக்கிப் படகுகள். சுமார் 44 மீட்டர் நீளம், நீராவி டர்பைன், நல்ல வேகம். அவர் படகுக்குக் கிரே கூஸ் என்று பெயர், அதாவது சாம்பல் வாத்து. அந்தப் படகுக்கூட்டத்துக்கே தலைவராகவும் ஆனார். இந்தப் படகுகளின் பலவீனம் நீராவிதான். சித்தப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ஸ்டீம் லைன்ல ஒரு ஓட்டை போதும். போட்டு அங்கேயே நின்னுடும். உள்ள இருக்கறவனை அந்த ஸ்டீமே வேகவெச்சிடும்." 1942 ஜூனில் ஒரு படகு மூழ்கியது. அதற்கப்புறம் கொதிகலனைச் சுற்றிக் கவசத் தகடு போட்டார்கள். எடை கூடி வேகம் குறைந்தது, ஆனால் ஆள் பிழைத்தார்கள். கால்வாய்ச் சண்டைகளுக்காக அவருக்கு வீரப் பதக்கமும் கிடைத்தது. கிரே கூஸ் போருக்குப் பின் வீட்டுப்படகாக மாறியது.

அந்தச் சண்டைகளைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை. இரண்டு பக்கமும் இளைஞர்கள் செத்த இரவுகள் அவை.

வெள்ளி, ஸ்லிம்பிரிட்ஜ்

கேம் அண்ட் டர்ஸ்லி என்ற சின்ன நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்தோம். கால்வாய்ப் பாலம் தாண்டினால் செவர்ன் ஆற்றின் முகத்துவாரம், சமவெளி, அதன் நடுவே ஸ்லிம்பிரிட்ஜ்.

1945 டிசம்பரில், போர் முடிந்த கையோடு, ஸ்காட் இங்கே வந்தார். இந்த வயல்களில் குளிர்காலத்தில் வெண்நெற்றி வாத்துகள் ஆயிரக்கணக்கில் மேயும். அவற்றின் நடுவே சிறிய வெண்நெற்றி வாத்து என்ற அரிய இனம் ஒன்றிரண்டு இருக்கக்கூடும் என்று அவருக்கு ஒரு சந்தேகம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாயல். சிறியதற்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், நெற்றி வெள்ளை கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். தொலைநோக்கியில் கூட்டத்தை அலசி, அதைக் கண்டே பிடித்தார்கள். இடம் இதுதான் என்று அப்போதே தீர்மானித்துவிட்டார். 1946 நவம்பரில் அறக்கட்டளை தொடங்கிவிட்டது. இன்றைய ஈரநிலப் பறவை அறக்கட்டளையின் பிறப்பு அது.

அவர் செய்த புதுமை ஒன்று உண்டு. அதுவரை ஆராய்ச்சி ஒரு பக்கம், மிருகக்காட்சி சாலை ஒரு பக்கம். அவர் இரண்டையும் ஒரே வேலிக்குள் வைத்துப் பொதுமக்களையும் உள்ளே விட்டார். கைக்கெட்டும் தூரத்தில் வளர்ப்பு வாத்து. நூறு தப்படி தள்ளி, மறைவிடத்தின் பலகைச் சாளரத்துக்கு வெளியே, காட்டுப் பறவை. குழந்தைகளின் கையிலிருந்து தானியம் தின்னும் நேனே வாத்தை இங்கே பார்க்கலாம். அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை.

நேனே ஹவாய்த் தீவுகளின் வாத்து. 1950 வாக்கில் காட்டில் முப்பது போல மிஞ்சியிருந்தது. ஜோடி என்று நினைத்து இரண்டை இங்கே கொண்டுவந்தார்கள். இரண்டும் முட்டையிட்டன! அவசரமாக ஹவாய்க்குச் செய்தி போய், ஒரு ஆண் வந்து சேர்ந்தது. 1952இல் குஞ்சுகள். பத்து வருஷத்தில், இங்கே பொரித்த பறவைகள் மாவி தீவின் ஹலேயகாலா எரிமலைக்குத் திரும்பின. சாரணர் இயக்கப் பையன்கள் அவற்றை முதுகில் சுமந்து மலையேற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று ஹவாயில் நேனே மூவாயிரத்தைத் தாண்டுகிறது. 2019இல் அமெரிக்க அரசு அதை அபாயப் பட்டியலில் ஒரு படி இறக்கியது. என் எதிரே நின்ற நேனேயின் கழுத்தில் இறகுகள் உழவுச் சால் விட்டதுபோல் வரி வரியாக மடிந்திருந்தன. கால்விரல்களுக்கு நடுவே சவ்வு குறைவு, எரிமலைப் பாறையில் நடக்கிற பிழைப்பு. சித்தப்பா குனிந்து அதன் காலையே ரொம்ப நேரம் பார்த்தார்.

அப்புறம் ஸ்காட்டின் வீடு. ஏரிக்கரையில் அவரே கட்டிக் குடியிருந்தது. இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறார்கள். ஓவியக்கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் ஓவியச் சட்டகம். தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் தொலைநோக்கியை எடுக்க அவர் எழுந்திருக்கவே வேண்டியிருந்திருக்காது. பிபிசி தொலைக்காட்சியில் 1955 முதல் அவர் நடத்திய இயற்கை நிகழ்ச்சி மூலம் பிரிட்டனில் ஒரு தலைமுறையே பறவை பார்க்கக் கற்றது.

இந்த ஜன்னலில்தான் அந்தக் கண்டுபிடிப்பு நடந்தது. 1964 தொடக்கத்தில், ரஷ்ய ஆர்க்டிக்கிலிருந்து வரும் பியூயிக் அன்னங்கள் ஒரு சிறு கூட்டமாக ஜன்னலுக்கு நேர் எதிரே வந்து இறங்கின. ஸ்காட் வரைய ஆரம்பித்தார். வரைய வரைய ஒன்று புரிந்தது: எந்த இரண்டு அன்னத்தின் அலகும் ஒரே மாதிரி இல்லை. கறுப்பும் மஞ்சளும் ஒவ்வொன்றிலும் வேறு வேறு வடிவம். ஒன்றில் மஞ்சள் இரு பக்கமும் மேலே சேர்ந்துவிடும். ஒன்றில் நெற்றியிலிருந்து நுனிவரை கறுப்புப் பட்டை தடையில்லாமல் ஓடும். ஒன்றில் கறுப்புக்கு நடுவே காசளவு மஞ்சள். ஒவ்வொரு பறவைக்கும் முன்முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று வரைந்து, பெயர் வைத்தார். மனைவி பிலிப்பாவும் மகள் டஃபிலாவும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த குளிர்காலம் பறவைகள் திரும்பியபோது, வந்திருப்பது யார் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. யாருக்கு யார் ஜோடி, யார் குஞ்சோடு வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் தெரிந்தது. வளையம் மாட்டாமல், பிடிக்காமல், தொடாமல், பார்த்தே அறிந்துகொண்ட விஷயம். அந்த ஆய்வு இன்றும் நடக்கிறது. ஒரே இனத்தைப் பற்றி உலகில் மிக நீண்டகாலமாக நடக்கும் ஆய்வுகளில் ஒன்று.

எனக்கு அவர் வாழ்க்கையில் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது இதுதான். இருபது வயதில் ஒரே வெடியில் எத்தனை விழும் என்று கூட்டத்தைப் பார்த்த கண், ஐம்பத்து நான்கு வயதில் கூட்டத்துக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பெயர் வைத்த பறவையைச் சுட யாருக்கும் கை வராது.

சாயங்காலம் ஊழியர் ஒருவர் தள்ளுவண்டியில் தானியம் கொண்டுவந்து கரையோரம் வீசினார். ஸ்காட்டும் இப்படித்தான் செய்வாராம். அன்னங்கள் வந்தன, ஆனால் அதிகமில்லை. 1995இல் இந்த வழியாக வரும் பியூயிக் அன்னங்கள் சுமார் 29,000. 2010இல் சுமார் 18,000. குளிர் குறைந்துவிட்டதால் பல பறவைகள் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலுமே தங்கிவிடுகின்றன என்பது ஒரு காரணம். ஆனால் மொத்த எண்ணிக்கையும் உண்மையிலேயே இறங்கியிருக்கிறது. பிடித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அன்னங்களின் உடம்புக்குள் துப்பாக்கிச் சன்னங்கள் இருந்தன. வழிநெடுக எல்லா நாட்டிலும் சட்டம் பாதுகாக்கும் பறவை இது. இதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

சனி, ஸ்லிம்பிரிட்ஜ்

காலையில் பனிமூட்டம். முகத்துவாரக் கோபுரத்தில் ஏறியும் ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

பாண்டா. 1961இல் உலக வனவிலங்கு நிதியத்தைத் தொடங்கியவர்களில் ஸ்காட்டும் ஒருவர். அப்போது லண்டன் மிருகக்காட்சி சாலையில் சீ-சீ என்ற பாண்டா இருந்தது. ஊரே அதைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. ஜெரால்ட் வாட்டர்சன் சில படங்கள் போட்டுக் காட்ட, அதை வைத்து ஸ்காட் சின்னத்தை வரைந்து முடித்தார். அழகான, அருகிவரும், எல்லாருக்கும் பிடித்த விலங்காக இருக்க வேண்டும். அதோடு கறுப்பு வெள்ளையில் எடுப்பாகத் தெரிந்தால் அச்சுச் செலவும் மிச்சம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சின்னத்தைவிட அவர் செய்த பெரிய வேலை சிவப்புத் தரவு நூல். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் உயிரினப் பிழைப்புக் குழுவுக்கு 1963 முதல் 1980 வரை தலைவராக இருந்தார். எந்த இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று தனித்தனித் தாள்களாக அச்சிட்டுக் கோப்பில் சேர்த்துக்கொள்ளும்படி செய்தார்கள். மிகவும் மோசமான நிலையில் இருப்பதற்கு இளஞ்சிவப்புத் தாள், மீண்டு வந்ததற்குப் பச்சைத் தாள். நிலைமை மாறினால் தாளை மட்டும் மாற்றினால் போதும். இன்று செய்தித்தாளில் "சிவப்புப் பட்டியலில் உள்ள இனம்" என்று படிக்கிறோமே, அது இங்கிருந்து வளர்ந்தது.

திமிங்கில வேட்டையை நிறுத்தவும் கடைசிவரை போராடினார். வணிக வேட்டைக்கான தடை 1982இல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நடுவே கிளைடரில் பிரிட்டன் சாம்பியன், அமெரிக்கக் கோப்பைப் படகுப் போட்டியில் தோல்வி என்று வேறு பல. வயதான பிறகு பவளப் பாறைகளில் மூச்சுக்குழாய் மாட்டி நீந்தி, மீன்களை வரைந்தார். அவர் பெயரும் மனைவி பெயரும் சேர்த்துப் பசிபிக்கின் ஒரு பவளப்பாறை மீனுக்கு அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பதினோரு மணிக்கு மூட்டம் விலகியது. சித்தப்பா மறைவிடத்தில் இருந்த அலகுப் படங்களையும் தண்ணீரில் இருந்த அன்னங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மூணாவது, இந்தக் கறுப்புப் பட்டைக்காரன்தானே?" என்றார். எனக்கு அவன் வேறு ஆளாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஊழியரைக் கேட்டோம். அவர் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுச் சித்தப்பா சொன்னதுதான் சரி என்றார்.

போக விரும்புகிறவர்களுக்கு: அன்னங்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான். ஸ்லிம்பிரிட்ஜுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஸ்காட்டின் வீடு எந்த நேரம் திறந்திருக்கும் என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். பீட்டர் ஸ்காட் பாதையில் நடப்பதாக இருந்தால் காலையிலேயே கிளம்புங்கள், சாப்பாடும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும், வழியில் கடை கிடையாது. வெஸ்ட் லின்னில் ஆற்றைக் கடக்கும் படகு அன்றைக்கு ஓடுகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாலத்தைச் சுற்றி இன்னும் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும்.